கேமிங் கம்ப்யூட்டர்: சின்ன பெட்டி, சீட்டுப் பணம், சரியான கணக்கு!

"அப்பா... சீட்டு எடுத்துட்டீங்களாமே?"

வழக்கத்துக்கு மாறாக மகளே காபி டம்ளரோடு வந்து நின்றால், எந்த அப்பாவுக்கும் உள்ளுக்குள் மணி அடிக்கத்தான் செய்யும். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கையில் ஒரு நோட்டு. அதில் ஒரு பட்டியல். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தொகை. கூட்டினால் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்.

"என்னம்மா இது?"

"கேமிங் பிசிப்பா. விளையாடுறதை அப்படியே யூடியூப்ல லைவ் பண்ணலாம். வீடியோ எடிட்டிங்கும் கத்துக்கலாம்."

"என்கிட்ட இருக்கிறது எழுபதாயிரம்தான். அதுக்கு மேல ஒரு ரூபா கிடையாது."

சமையலறையில் இருந்து அம்மாவின் குரல்: "எதை வேணா வாங்குங்க. என் தையல் மெஷினை மட்டும் நகர்த்தச் சொல்லாதீங்க!"

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால், இந்தக் காட்சி இன்று பல வீடுகளில் நடக்கிறது. பணம் அளவு, இடம் அளவு, ஆசை மட்டும் பெரிது. இந்த மூன்றையும் ஒரு சின்ன பெட்டிக்குள் அடக்க முடியுமா? முடியும். எதற்குச் செலவு செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரிந்தால் போதும்.

அதற்கு முன் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கேமிங் என்றதும் பணம் கட்டி ஆடும் ரம்மி நினைவுக்கு வந்து பலர் பதறுகிறார்கள். இரண்டும் வேறு. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரிக்கிறது. ஆனாலும், கேமுக்குள்ளேயே உடை, ஆயுதம் என்று காசு கேட்கும் கடைகள் உண்டு. அதனால் வீட்டு டெபிட் கார்டு விவரத்தை எந்த கேம் கணக்கிலும் சேமித்து வைக்காமல் இருப்பது நல்லது.

முதலில் திரை, பிறகு பெட்டி

பெரும்பாலானோர் ப்ராசஸரில் இருந்து பட்டியலைத் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் மானிட்டர். வீட்டில் இருக்கும் அல்லது வாங்கப்போகும் மானிட்டர் 1080பி, அதாவது ஃபுல் எச்டி என்றால், 4கே திரைக்கான கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் கொட்டுவது வீண். மேசைக்கு அருகே உட்கார்ந்து பார்க்கும் 24 இன்ச் திரைக்கு 1080பி தாராளம்.

எந்த கேம் என்பதையும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்டிரைக் 2, மைன்கிராஃப்ட் போன்றவை பெரிய கார்டு கேட்பதில்லை. புதிதாக வரும் பிரமாண்ட கதை விளையாட்டுகள் கேட்கும். மகளின் நோட்டில் இருந்தது பெரும்பாலும் முதல் வகை. இந்த ஒரு கேள்வியிலேயே பட்டியலில் சில ஆயிரங்கள் குறைந்துவிட்டன.

சிங்கப் பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கு

கேமிங் கம்ப்யூட்டரில் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு. மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக இதற்கு ஒதுக்கலாம். 1080பி-க்கு 8 ஜிபி நினைவகம் உள்ள கார்டு இன்று குறைந்தபட்ச வசதி. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060, அதற்குப் பின் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7600, இன்டெலின் ஆர்க் பி580 ஆகியவை இந்த வட்டத்தில் வருபவை. இவற்றில் பி580-ல் மட்டும் 12 ஜிபி நினைவகம் உண்டு. ஆனால், பழைய ப்ராசஸரோடு சேர்த்தால் அது முழுத் திறனைக் காட்டாது.

சின்ன பெட்டிக்கு இன்னொரு கணக்கும் முக்கியம். அது வாட். ஆர்டிஎக்ஸ் 4060-ன் அதிகபட்ச மின்தேவை 115 வாட். 5060-க்கு 145. ஆர்எக்ஸ் 7600-க்கு 165. பி580-க்கு 190. இந்த வாட் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. பெட்டி சிறியது என்றால், குறைந்த வாட் கார்டுக்குச் சில நூறு ரூபாய் கூடக் கொடுப்பதில் தவறில்லை.

பட்ஜெட் இன்னும் இறுக்கமா? ஆர்டிஎக்ஸ் 3050 கார்டில் 6 ஜிபி வகை ஒன்று உண்டு. 70 வாட்தான். போர்டின் ஸ்லாட்டே 75 வாட் வரை தரும் என்பதால் இதற்குத் தனி மின் ஒயரே தேவையில்லை. வேலரன்ட் மாதிரியான கேம்களுக்கு இது போதும்.

லைவ் போட இரண்டு கம்ப்யூட்டர் வேண்டுமா?

"விளையாட ஒன்று, லைவ் போட இன்னொன்று" என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்னும் சிலர் சொல்கிறார்கள். ஒரே ப்ராசஸர் விளையாட்டையும் ஓட்டி, ஓடும் படத்தைச் சுருக்கி இணையத்துக்கும் அனுப்பினால் மூச்சு முட்டும் என்பது காரணம்.

இப்போது அந்தச் சுருக்கும் வேலைக்கென்றே கிராபிக்ஸ் கார்டுக்குள் தனிப் பகுதி இருக்கிறது. அதற்குப் பெயர் என்கோடர். என்விடியாவில் அதை என்வென்க் என்பார்கள். படம் வரையும் பகுதிக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. அதனால் லைவ் போடும்போது விளையாட்டின் வேகம் கொஞ்சம்தான் குறையும். ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவச மென்பொருளில் இந்த என்கோடரைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை முதல் ஏவி1 என்ற புதிய முறையிலும் சுருக்க முடியும். அதே இணைய வேகத்தில் படம் இன்னும் தெளிவாகப் போகும். யூடியூப் அதை ஏற்றுக்கொள்கிறது.

இங்கேதான் ஒரு பள்ளம் இருக்கிறது. விலை குறைந்த கார்டுகள் எல்லாவற்றிலும் இந்த என்கோடர் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி ஆகிய இரண்டிலும் அது இல்லை. என்விடியாவின் பழைய ஜிடி 1030-லும் இல்லை. விளையாடுவதற்கு மட்டும் என்றால் சரி. லைவ் போடும் ஆசை இருந்தால் இவற்றின் பக்கம் போக வேண்டாம்.

மகளின் பட்டியலில் எட்டு கோர் ப்ராசஸர் இருந்ததற்குக் காரணமே "லைவ் போட வேண்டும்" என்பதுதான். அந்த வேலையைக் கார்டே செய்துவிடும் என்று தெரிந்ததும், ஆறு கோருக்கு இறங்கி வந்தாள்.

ஆறு கோர் போதும்

ஏஎம்டியின் ரைசன் 5 5600, இன்டெலின் கோர் ஐ5 12400எஃப். இரண்டுமே 2022-ல் வந்தவை. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். இரண்டும் 65 வாட் வகை. இரண்டின் பெட்டியிலும் கூலர் சேர்ந்தே வரும். 1080பி கேமிங்குக்கும் லைவுக்கும் இன்றும் இவை போதும்.

கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் ரைசன் 5 7600 பக்கம் போகலாம். அது ஏஎம்5 சாக்கெட். நாளைக்குப் போர்டை மாற்றாமல் புதிய ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு அதில் அதிகம். ஆனால், டிடிஆர்5 ராம் கட்டாயம். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பெயரின் கடைசி எழுத்தையும் கவனிக்க வேண்டும். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. ரைசன் 5 5600-ம் அப்படித்தான். ரைசன் பெயரில் 'ஜி' என்று முடிந்தால் உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உண்டு.

கடையில் 'ட்ரே' ப்ராசஸர் என்று ஒன்றைக் குறைந்த விலையில் காட்டுவார்கள். அது பெட்டி இல்லாமல் மொத்தமாக வருவது. கூலர் இருக்காது. வாரன்டி விதிகளும் வேறு. கூலரைத் தனியாக வாங்கினால், மிச்சம் பிடித்த பணம் அங்கேயே போய்விடும்.

வாட்டர் கேன் கணக்கு

இனி இடப் பிரச்னைக்கு வருவோம். கம்ப்யூட்டர் பெட்டியை நம் வீடுகளில் 'சிபியூ' என்போம். கடையில் கேட்க வேண்டிய பெயர் கேபினட். அதன் அளவை லிட்டரில் சொல்வது வழக்கம். நம் ஊருக்கு இது வசதியான கணக்கு. வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன் 20 லிட்டர். சாதாரண டவர் கேபினட் 40, 50 லிட்டர். அதாவது இரண்டு கேன்களுக்கும் மேல். கூலர் மாஸ்டர் என்ஆர்200 போன்ற சின்ன கேபினட் சுமார் 18 லிட்டர். ஒரு கேனை விடக் கொஞ்சம் சிறியது.

'அப்போ அதையே வாங்கிவிடலாமே' என்று தோன்றும். அங்கேதான் பட்ஜெட் இடிக்கிறது. அவ்வளவு சின்ன கேபினட்டுக்குள் மினி ஐடிஎக்ஸ் போர்டுதான் நுழையும். 17 சென்டிமீட்டர் சதுரம். 2001-ல் தைவானின் வியா நிறுவனம் கொண்டுவந்த அளவு இது. ராமுக்கு இரண்டே ஸ்லாட். கார்டுக்கு ஒரே ஸ்லாட். இவ்வளவு குறைவாக இருந்தும் விலை மட்டும் கூடுதல். என்ஆர்200-க்குச் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன வகை வேண்டும். அதுவும் விலை அதிகம். கடைகளில் வகைகளும் குறைவு.

நடுவழி ஒன்று இருக்கிறது. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு. 24.4 சென்டிமீட்டர் சதுரம். நம் ஊரில் அதிகம் விற்பதும், விலை குறைவாகக் கிடைப்பதும் இதுதான். இதற்கான சின்ன கேபினட்டுகள் சுமார் ஒன்றரை கேன் அளவில் கிடைக்கின்றன. சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தும். பஸ்ஸிலோ, ஸ்கூட்டரிலோ அடிக்கடி தூக்கிச் செல்ல வேண்டும் என்றால் மினி ஐடிஎக்ஸ். வீட்டு மேசை ஓரத்தில் நின்றால் போதும் என்றால் மைக்ரோ ஏடிஎக்ஸ். அப்பா ஹாலில் டேப் வைத்து அளந்து பார்த்தார். தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தில் ஒன்றரை கேன் தாராளமாக நின்றது.

கேபினட் வாங்கும்போது மூன்று அளவுகளைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உள்ளே நுழையும் கார்டின் நீளம், கூலரின் உயரம், எஸ்எம்பிஎஸ் வகை. கார்டை வாங்கிவிட்டு அது கேபினட்டில் நுழையவில்லை என்று திரும்ப ஓடுபவர்கள் உண்டு. மூன்று ஃபேன் கார்டைத் தவிர்த்து இரண்டு ஃபேன் கார்டை எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினட் ஷோரூமில் அழகாக இருக்கும். சித்திரை வெயிலில் நம் ஊர் ஹாலில் அது அடுப்பு. முன்பக்கம் வலை போட்ட மெஷ் வகைதான் சரி. முன்னால் காற்றை உள்ளே இழுக்க ஒன்று, பின்னால் வெளியே தள்ள ஒன்று என இரண்டு ஃபேன் அவசியம்.

ராம்: ஒன்றல்ல, ஜோடி

16 ஜிபி தேவை. ஒரே 16 ஜிபி குச்சியாக வாங்காமல் 8 ஜிபி குச்சிகள் இரண்டாக வாங்குவது நல்லது. நெரிசல் ரோட்டை இரண்டு லேனாக ஆக்குவது போலத்தான் இது. கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் 'ஜி' ப்ராசஸர் என்றால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இன்டெலுக்கான எச்610 போர்டு இரண்டு வகையிலும் வருகிறது. போர்டின் பெட்டியில் எது என்று பார்த்துவிட்டுத்தான் ராம் வாங்க வேண்டும்.

2025-ன் கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறத் தொடங்கியது. ஏ.ஐ. தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதுதான் பெரிய காரணம். அதனால் போன வருடம் வாங்கிய நண்பரின் பில்லை வைத்துக் கணக்குப் போட முடியாது. அன்றைய ராம் விலையை முதலில் கேட்டுவிட்டு, மீதிப் பணத்தைப் பிரிப்பதே புத்திசாலித்தனம்.

எஸ்எஸ்டி விஷயம் எளிது. போர்டில் நேராகச் சொருகும் என்விஎம்இ வகை. 1 டிபி இருந்தால் நிம்மதி. 100 ஜிபியைத் தாண்டும் கேம்கள் பல இருக்கின்றன. பணம் போதவில்லை என்றால் இப்போது 500 ஜிபி, பிறகு இன்னொன்று. இரண்டு எம்.2 ஸ்லாட் இருக்கிற போர்டாக எடுத்தால் அந்த வழி திறந்தே இருக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள்

பட்ஜெட் உதைக்கும்போது எல்லோரும் முதலில் குறைப்பது எஸ்எம்பிஎஸ். குறைக்கவே கூடாததும் அதுதான். கேபினட்டோடு இலவசமாக வரும் லோக்கல் எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 500 வாட் என்று அச்சடித்திருக்கும். அந்த அச்சை நம்பி 25 ஆயிரம் ரூபாய் கார்டை அதில் மாட்டுவது, காஸ் அடுப்பை ஓட்டை ட்யூபில் இணைப்பது மாதிரி.

கணக்கைப் பாருங்கள். கார்டுக்கு 145 வாட் வரை. ப்ராசஸருக்கு முழு வேகத்தில் சுமார் 90. போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து 50. மொத்தம் 285. ஆர்டிஎக்ஸ் 5060-க்கு என்விடியா பரிந்துரைப்பது 550 வாட் எஸ்எம்பிஎஸ். பெயர் தெரிந்த நிறுவனத்தின் 550 வாட், 80 ப்ளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ளது என்றால் போதும். 750 வாட் எல்லாம் தேவையில்லை. 80 ப்ளஸ் முத்திரை மின்சாரத்தை வீணாக்காத அளவை மட்டும்தான் சொல்லும். அதனால் எத்தனை ஆண்டு வாரன்டி என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். 5 ஆண்டு தருபவையும் உண்டு.

யுபிஎஸ் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். 600 விஏ என்று எழுதியிருக்கும் யுபிஎஸ் பலவும் வாட் கணக்கில் 360-தான் தரும். கேம் ஓடும்போது மானிட்டரும் சேர்ந்தால் அது எல்லைக்கு அருகில் போய்விடும்.

எழுபதாயிரத்தைப் பிரித்தால்...

நோட்டில் அப்பாவும் மகளும் சேர்ந்து எழுதிய புதிய பட்டியல் இது. இவை கடை விலைகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் போட்டுக்கொண்ட வரம்பு.

கிராபிக்ஸ் கார்டு: 25,000
ப்ராசஸர், கூலருடன்: 10,000
மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு: 8,000
ராம்: 10,000
எஸ்எஸ்டி: 7,000
எஸ்எம்பிஎஸ்: 4,500
கேபினட், ஃபேன்களுடன்: 4,000
கைமிச்சம்: 1,500

கூட்டினால் 70,000. மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வீட்டில் ஏற்கெனவே இருந்தன. இல்லாதவர்கள் அதற்கும், விண்டோஸ் லைசென்ஸுக்கும் தனியாக எடுத்துவைக்க வேண்டும். பழைய பட்டியலில் இருந்து வெளியே போனவை எட்டு கோர் ப்ராசஸர், தண்ணீர் குழாய் வைத்த கூலர், கண்ணாடி கேபினட், கலர் கலராக மின்னும் ராம். இவற்றில் எதுவும் அவள் ஆடும் விளையாட்டுக்குப் பெரிய வித்தியாசம் தரப்போவதில்லை.

ஒரு பொருளின் விலை வரம்பைத் தாண்டினால் எதில் குறைக்கலாம்? முதலில் எஸ்எஸ்டி. அடுத்து கார்டில் ஒரு படி. எஸ்எம்பிஎஸ்ஸில் ஒருபோதும் இல்லை.

எழுபதாயிரமும் இல்லாதவர்களுக்கு

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரண்டு தவணையாக வாங்குவது. இப்போது ரைசன் 5 5600ஜி அல்லது 8600ஜி போன்ற 'ஜி' ப்ராசஸரோடு ஜோடி ராமும் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸும் போட்டுத் தொடங்கலாம். செட்டிங்ஸைக் குறைத்து வைத்தால் வேலரன்ட், கவுன்ட்டர் ஸ்டிரைக் ஓடும். லைவ் போடும் என்கோடரும் உள்ளேயே இருக்கிறது. தீபாவளி போனஸ் வரும்போது கார்டைச் சேர்த்துக்கொள்ளலாம். 8500ஜி மட்டும் வேண்டாம். பின்னால் சேர்க்கும் கார்டுக்கு அது திறந்துவிடும் பாதை குறுகலானது.

இன்னொன்று, அலுவலகங்கள் கழித்துவிடும் ரீஃபர்பிஷ்டு கம்ப்யூட்டர். டெல் ஆப்டிப்ளெக்ஸ் மாதிரியான ஒல்லிப் பெட்டிகள். இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாகப் பார்த்து எடுத்தால் விண்டோஸ் 11 ஓடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால் இது முக்கியம். இதில் தனி மின் ஒயர் கேட்காத, உயரம் குறைந்த 'லோ ப்ரொஃபைல்' ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டைச் சொருகலாம். உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், கார்டுக்கு இடம் இருக்கிறதா என்பதைப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும்.

பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்குபவர்கள், கடையிலேயே ஒரு கேமை அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். பில்லும் மீதி வாரன்டியும் இல்லாத கார்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடலாம்.

ரிச்சி தெருவில் ஒரு மதியம்

சென்னையில் கம்ப்யூட்டர் பாகம் என்றால் சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி தெரு. ஒரே பட்டியலை மூன்று கடைகளில் கொடுத்து கொட்டேஷன் வாங்குவதுதான் அங்கே முதல் வேலை. ஆன்லைன் விலையையும் போனில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

"அண்ணா, இந்த விலை ஜிஎஸ்டியோடவா?" என்று மகள் கேட்டாள்.

கடைக்காரர் சிரித்தார். "பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேம்மா."

"இல்லண்ணா, பில்லோடவே போடுங்க" என்றாள்.

சரியான பதில். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவிகிதம். பில் இல்லாமல் வாங்கினால் அது மிச்சம்போலத் தோன்றும். ப்ராசஸருக்கும் கார்டுக்கும் பொதுவாக 3 ஆண்டு வாரன்டி. பில் இல்லை என்றால் அந்த மூன்று ஆண்டும் இல்லை. பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாகங்களின் காலிப் பெட்டிகளையும் கேட்டு வாங்கி, பரணில் போட்டு வைக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று விஷயங்கள். மானிட்டர் ஒயரை போர்டில் சொருகாமல் கிராபிக்ஸ் கார்டில் சொருக வேண்டும். போர்டில் சொருகிவிட்டு 'கார்டே வேலை செய்யலை' என்பவர்கள் ஏராளம். அடுத்து, பயாஸில் ராமின் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ வசதியை ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் ராம் ஓடாது. மூன்றாவது, வேகமான மானிட்டர் என்றால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 144 ஹெர்ட்ஸ் என்று மாற்ற வேண்டும்.

பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம். மாப் தண்ணீர், எறும்பு, பல்லி எல்லாம் அங்கேதான் வரும். மேசை மேல் வைத்து, மாதம் ஒருமுறை முன்பக்க ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தால் ஃபேன் சத்தம் கூடாது.

லைவ் போடும் முன்...

ஓபிஎஸ்ஸில் 1080பி லைவுக்கு 6 எம்பிபிஎஸ் வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு 2.7 ஜிபி மேலே போகும். தினம் இரண்டு மணி நேரம் என்றால் மாதம் 162 ஜிபி. போன் ஹாட்ஸ்பாட்டில் கட்டுப்படியாகாது. வீட்டு ஃபைபர் இணைப்பு வேண்டும். பார்க்க வேண்டியது டவுன்லோடு வேகத்தை அல்ல, அப்லோடு வேகத்தை. நிலையாக 10 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். வைஃபையை விட லேன் கேபிள் நம்பகமானது. 10 மீட்டர் கேபிளுக்கு அந்தக் கைமிச்சத்தில் இருந்தே கொடுத்துவிடலாம்.

கேமராவுக்கு அவசரம் இல்லை. விண்டோஸ் 11-ல் ஆண்ட்ராய்டு போனையே வெப்கேமாக மாற்றிக்கொள்ளலாம். மைக்கில் மட்டும் கொஞ்சம் அக்கறை தேவை. படம் மங்கினாலும் பார்ப்பார்கள். குரல் இரைந்தால் போய்விடுவார்கள்.

யூடியூபில் முதல்முறை லைவ் வசதியைத் திறக்க போன் நம்பரைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு 24 மணி நேரம் வரை ஆகலாம். 2025 ஜூலை முதல், தனியாக லைவ் போட 16 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது யூடியூப் விதி. அதற்குக் குறைந்த வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பெரியவர் ஒருவர் கூடவே திரையில் இருக்க வேண்டும். வீட்டு முகவரி, கல்லூரி அடையாள அட்டை போன்றவை கேமராவில் தெரியாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

கடைசியாக ஈ.பி. கணக்கு. மானிட்டரோடு சேர்த்து 300 வாட் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கால 60 வாட் குண்டு பல்பு ஐந்து எரிவது போல. தினம் 4 மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். இரண்டு மாத ரீடிங்கில் 72 யூனிட். ஏற்கெனவே ஸ்லாப் விளிம்பில் இருக்கும் வீடுகளில் இது பில்லை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். கேமில் வேகத்துக்கு 60 அல்லது 100 எஃப்பிஎஸ் என்று ஓர் உச்சவரம்பு வைத்தால் கார்டு தேவையில்லாமல் துடிக்காது. மின்சாரமும் மிச்சம், சூடும் குறைவு.

அந்த வீட்டில் பெட்டி வந்து, தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டது. முதல் நாள் லைவைப் பார்த்தவர்கள் ஏழு பேர். அதில் இரண்டு பேர் அம்மாவும் அப்பாவும், அடுத்த ரூமில் இருந்து போனில்.

"ஏம்மா, நடுவுல கடகடன்னு ஒரு சத்தம் வந்துச்சே... மைக் கோளாறா?" என்றார் அப்பா, அவ்வளவு அக்கறையாக.

"அது அம்மா மெஷின்ப்பா. லைவ் முடியுற நேரத்துல ஒரு ஜாக்கெட்டை அவசரமா முடிச்சாங்க."

மறுநாள் முதல் லைவ் நேரம் எட்டரை மணிக்கு மாறியது. எட்டு மணி வரை மெஷினுக்கு.